சீமைப் படிப்புக்கு ஒரு மனு!

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நாட்களில், தென்காசி வட்டாரத்து வீடுகளில் ஒரு பேச்சும் தொடங்கிவிடுகிறது. கல்லூரித் தேர்வு முடிவு வந்துவிட்டது. பையன் பாஸ். பெண்ணும் பாஸ். அடுத்தது என்ன?

"மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறேன்" என்கிறான் பையன். "ஜெர்மனியில் படிப்புக்குச் சம்பளமே வாங்குவதில்லையாம்" என்கிறாள் பெண். தகப்பனார் வாய் திறப்பதில்லை. அவர் மனத்தில் வேறு கணக்கு ஓடுகிறது. வீட்டுப் பத்திரமா? வயலா? நகையா? எதை அடகு வைப்பது?

அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதுதான் மனு. நல்ல மனு, பணக் கஷ்டத்தில் பாதியைத் தீர்த்துவைக்கும். மோசமான மனு, வீட்டையும் வயலையும் விழுங்கிவிட்டு வெறுங்கையோடு திருப்பி அனுப்பும்.

நல்ல மனு என்றால் என்ன? அதைத் தென்காசியில் உட்கார்ந்துகொண்டு தயாரிக்க முடியுமா?

முடியும். ஆனால் அதற்குக் காகிதம் மட்டும் போதாது.

மனுவில் என்ன கேட்கிறார்கள்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஐந்து விஷயங்களைக் கேட்கின்றன.

முதலாவது, மதிப்பெண் பட்டியல். இரண்டாவது, ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் என்ற தேர்வுகள் இதற்காக நடக்கின்றன. சில படிப்புகளுக்கு ஜி.ஆர்.இ. என்ற தேர்வும் உண்டு. மூன்றாவது, நோக்கக் கட்டுரை. நான் யார், என்ன படித்தேன், இனி எதை ஆராய விரும்புகிறேன் என்று மாணவரே ஓரிரு பக்கங்களில் எழுதுவது. நான்காவது, ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம். இரண்டு அல்லது மூன்று கேட்பார்கள். ஐந்தாவது, செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

இந்த ஐந்தில் முதல் இரண்டையும்தான் நம் வீடுகளில் பெரிதாக நினைக்கிறார்கள். "எத்தனை மார்க்?" என்பதே முதல் கேள்வி. ஆனால் மார்க் என்பது வாசற்படி. அதைத் தாண்டினால்தான் உள்ளே போக முடியும். வாசலைத் தாண்டிய ஆயிரம் பேரில் யாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது என்பதை மூன்றாவதும் நான்காவதும்தான் தீர்மானிக்கின்றன.

அதாவது, "நீ என்ன செய்திருக்கிறாய்? அதைப் பார்த்தவர் யார்?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்வதே மனு.

குமாஸ்தா எழுதிய கடிதம்

தமிழ்நாட்டிலிருந்து சீமைக்குப் போன மனுக்களில் தலைசிறந்தது எது? 1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி, சென்னைத் துறைமுகக் கணக்கு இலாகாவில் மாதம் 30 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒரு குமாஸ்தா எழுதிய கடிதம்தான் அது. அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். கடிதம் போன இடம் கேம்பிரிட்ஜ். பெற்றவர் கணித அறிஞர் ஹார்டி.

ராமானுஜனிடம் பட்டம் இல்லை. கல்லூரியில் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் அவர் தேறவில்லை. அதைக் கடிதத்தில் அவர் மறைக்கவும் இல்லை. தமக்குப் பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். தாம் ஒரு குமாஸ்தா என்றார். சம்பளத்தையும் சொன்னார்.

பிறகு தம் சரக்கை எடுத்து வைத்தார். பக்கம் பக்கமாகக் கணித முடிவுகள்! சுமார் 120 இருந்தன. சில பழையவை. சில தவறானவை. ஆனால் பல, ஹார்டியே அதுவரை கண்டிராதவை. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டைக் கூப்பிட்டு இருவருமாகப் பார்த்தார்கள். எழுதியவர் பெரிய மேதை என்று முடிவு செய்தார்கள்.

இதற்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கும் ராமானுஜன் எழுதியிருந்தார். பயன் இல்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. மூன்றாவது கதவைத் தட்டினார். அது திறந்தது.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ராமானுஜன் திடீரென்று வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. 1911-ம் ஆண்டிலேயே அவருடைய கட்டுரை இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. அந்தச் சங்கத்தைத் தொடங்கிய ராமசாமி அய்யர் அவர் நோட்டைப் பார்த்திருந்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் பார்த்திருந்தார். துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண அய்யர் தினமும் பார்த்தார். சாட்சி சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

ஹார்டியின் பதில் வந்தது. அதில் புகழ்ச்சி இருந்தது. கூடவே ஒரு கண்டிப்பும் இருந்தது. "நிரூபணம் எங்கே?" என்று கேட்டிருந்தார்! சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. இங்கிலாந்தில் படிக்க ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்கவும் பிறகு முன்வந்தது. 1914 மார்ச் 17-ந் தேதி ராமானுஜன் கப்பல் ஏறினார்.

இதில் பாடம் என்ன? எல்லோரும் ராமானுஜன் ஆகிவிட முடியாது. ஆனால் எல்லோரும் அவர் செய்த மாதிரி செய்யலாம். குறையை ஒளிக்காமல் சொல்வது. செய்த வேலையை எடுத்து வைப்பது. அதைப் பார்த்தவர்களைச் சாட்சிக்கு அழைப்பது. இன்றைக்கும் நல்ல மனு என்பது இந்த மூன்றும்தான்.

கப்பல் ஏறும் முன்பே...

இது அபூர்வமான சம்பவம் அல்ல. நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரை எடுத்துக்கொள்வோம். அவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஃபவுலருக்கு அனுப்பினார். அது லண்டன் ராயல் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. 1930-ம் ஆண்டு இந்திய அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் அவர் கேம்பிரிட்ஜ் போனபோது, அந்த ஃபவுலரிடமே மாணவராகச் சேர்ந்தார். போகும் முன்பே அவருடைய வேலை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது!

பெண்களால் முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு ஜானகி அம்மாள் பதில். தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. ஆசியப் பெண்களுக்கென்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உபகாரச் சம்பளத்தைப் பெற்று அங்கே போனார். 1931-ம் ஆண்டு டாக்டர் பட்டம் வாங்கினார். கரும்பு ஆராய்ச்சியில் பெரும் பெயர் எடுத்தார். பெண்களைப் பள்ளிக்கு அனுப்பவே யோசித்த காலத்தில் நடந்தது இது.

தென்காசியில் என்ன இருக்கிறது?

"சென்னையில் இருந்தால் ஆராய்ச்சிக்கூடம் உண்டு. பெரிய பேராசிரியர்கள் உண்டு. தென்காசியில் என்ன இருக்கிறது?" என்று பலர் கேட்கிறார்கள்.

நிறைய இருக்கிறது. பார்க்கக் கண் வேண்டும்.

2024-ம் ஆண்டு மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் சிதறி ஓடியது. ஒரு சிறுவன் உயிரிழந்தான். கீழே மழை பெரிதாக இல்லை என்றாலும் மலைமேல் மழை பெய்தால் அருவியில் வெள்ளம் வரும். மேலே பெய்யும் மழைக்கும் கீழே வரும் வெள்ளத்துக்கும் நடுவே எத்தனை நிமிஷம் இருக்கிறது? அதை முன்கூட்டி அறிந்து சங்கு ஊதி எச்சரிக்க முடியுமா? பூகோளம் படிக்கும் மாணவருக்கும் என்ஜினீயரிங் மாணவருக்கும் இதைவிட நல்ல கேள்வி எங்கே கிடைக்கும்?

ரசாயனம் படிக்கும் மாணவி, சீசனுக்கு முன்பும் சீசனிலும் சீசனுக்குப் பின்பும் சிற்றாற்றுத் தண்ணீரைக் குப்பியில் எடுத்துப் பரிசோதிக்கலாம். சோப்பும் ஷாம்புவும் எண்ணெயும் தண்ணீரை என்ன செய்கின்றன என்று மூன்று வருஷக் கணக்கு எடுக்கலாம். தாவரவியல் மாணவிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே தோட்டம். பொருளாதாரம் படிப்பவர் தெருவில் இறங்கினால் போதும். இந்த மாவட்டத்தில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். அவர்கள் கூலி என்ன, உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதலாம். காற்றாலை, எலுமிச்சை விலை, குளத்துப் பாசனம் என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

இவற்றுக்கு லட்ச ரூபாய் கருவி தேவையில்லை. ஒரு நோட்டும், பொறுமையும், "சரியாகச் செய்கிறாயா?" என்று பார்க்க ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும். குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964-ம் ஆண்டிலிருந்து நடந்துவருகிறது. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. வழிகாட்ட ஆசிரியர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பேராசிரியர் மேஜையில் வந்து குவியும் மனுக்களில், "எனக்குச் சிறு வயது முதலே விஞ்ஞானத்தில் ஆர்வம்" என்று தொடங்குபவை நூற்றுக்கணக்கில் இருக்கும். "எங்கள் ஊர் அருவியில் மூன்று சீசன்கள் தண்ணீரை அளந்தேன். இந்த விடை கிடைத்தது. இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை. அதைப் புரிந்துகொள்ளவே உங்களிடம் வர விரும்புகிறேன்" என்று தொடங்குவது எத்தனை இருக்கும்? அதைப் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மனு என்பது அகப்பை. சட்டியை நிரப்புவது மாணவரின் வேலை.

சிபாரிசு என்றால் என்ன?

சிபாரிசு என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு தவறான அர்த்தம் உண்டு. பெரிய மனிதரிடம் சீட்டு வாங்குவது என்று நினைக்கிறார்கள். எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்டாலும், கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டாலும், மாணவரை அறியாமல் போட்ட கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை.

"இவர் நல்ல ஒழுக்கமுள்ளவர், கடின உழைப்பாளி" என்ற கடிதத்தால் பயன் இல்லை. அது நடத்தைச் சான்றிதழ்! "இவர் செய்த சோதனை முதல் தடவை தவறியது. யாரும் சொல்லாமலே மறுபடி செய்தார். தவறு எங்கே என்று தாமே கண்டுபிடித்தார்" என்று எழுதும் கடிதம்தான் சிபாரிசு. அப்படி எழுத வேண்டுமானால் ஆசிரியர் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஆகவே கடைசி வருஷத்தில் ஓடிப்போய்க் கையெழுத்துக் கேட்பதில் பயன் இல்லை. இரண்டாம் வருஷத்திலேயே ஆசிரியரின் அறைக்குப் போகத் தொடங்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்வது மாணவருக்கு உபகாரம் அல்ல. மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதினால் அது சாட்சி ஆகாது.

பணம் யார் கொடுப்பது?

இங்கேதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. வெளிநாட்டு மேல்படிப்பு என்பது ஒரே சரக்கு அல்ல.

முதுகலைப் படிப்புக்குப் பெரும்பாலும் மாணவரே பணம் கட்ட வேண்டும். டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு நிலைமை வேறு. அமெரிக்காவில் விஞ்ஞானப் பாடங்களில் ஆராய்ச்சிக்குச் சேர்பவருக்குப் பெரும்பாலும் படிப்புச் சம்பளத்தைத் தள்ளிவிட்டு, மாதச் செலவுக்கும் பல்கலைக்கழகமே கொடுக்கிறது. பதிலுக்கு வகுப்பு எடுக்க வேண்டும், அல்லது ஆராய்ச்சியில் உதவ வேண்டும்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் படிப்புச் சம்பளம் வாங்குவதில்லை. ஆனால் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2025-ம் ஆண்டு நிலவரப்படி, வருஷத்துக்கு 11,904 யூரோவை முன்கூட்டி வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. இலவசம் என்று நம்பிப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

உபகாரச் சம்பளங்களும் உண்டு. பரோடா மகாராஜாவின் உதவியால்தான் அம்பேத்கர் 1913-ம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போக முடிந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கும், வேறு சில நலிந்த பிரிவினருக்கும் மத்திய அரசாங்கத்தின் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம் இருக்கிறது. 2025 நிலவரப்படி ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப வருமானம் 8 லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டு மேல்படிப்புக்கு உதவுகிறது. டாடா அறக்கட்டளை 1892-ம் ஆண்டிலிருந்து கல்விக் கடன் கொடுத்து வருகிறது. இங்கிலாந்துக்கு காமன்வெல்த், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்–நேரு உபகாரச் சம்பளங்கள் உள்ளன.

ஆனால் ஒரே கயிற்றை நம்பிக் கிணற்றில் இறங்கக் கூடாது. 2025-ம் ஆண்டு தேசிய உபகாரச் சம்பளத்துக்குத் தேர்வான 106 பேரில், முதலில் 40 பேருக்கு மட்டுமே ஆணை வந்தது. நிதி கிடைத்தால் மற்றவர்களுக்கு என்றார்கள். இரண்டு மூன்று வழிகளில் ஒரே சமயத்தில் முயல்வதே புத்திசாலித்தனம்.

ஏஜெண்டு எழுதும் கட்டுரை

"எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் ஏஜெண்டுகள் இன்று சிறு ஊர்களிலும் இருக்கிறார்கள். நேர்மையானவர்களும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவர் சேர்ந்தால், பல வெளிநாட்டுக் கல்லூரிகள் ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. ஆகவே அவர் சொல்லும் கல்லூரி, மாணவருக்கு நல்லதா, அவருக்கு நல்லதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஏஜெண்டு எழுதிக் கொடுக்கும் கட்டுரை அதைவிட ஆபத்து. ஊரையும் பெயரையும் மாற்றி ஒரே கட்டுரை பல பேருக்குப் போகிறது. கம்ப்யூட்டரே கட்டுரை எழுதிக் கொடுக்கும் காலமும் வந்துவிட்டது. அழகான ஆங்கிலம் இன்று மலிவான சரக்கு. உண்மையான அனுபவம்தான் கிராக்கி.

பொய்க் காகிதம் கொடுத்தால் என்ன ஆகும்? 2023-ம் ஆண்டு, போலி அனுமதிக் கடிதத்தோடு கனடாவுக்குப் போன இந்திய மாணவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளானார்கள். கடிதம் போலி என்பதே தங்களுக்குத் தெரியாது என்று பலர் கதறினார்கள். 2024-ம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இன்னொரு சம்பவம். உயிரோடு இருக்கும் தகப்பனார் இறந்துவிட்டதாகக் காகிதம் காட்டி உதவி பெற்ற இந்திய மாணவர் ஒருவர் கைதானார். படிப்பும் போயிற்று, ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. குறையை ஒளிக்காமல் எழுதிய ராமானுஜனையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

கதவுகள் குறுகுகின்றன

முன்பு போல் இப்போது கதவுகள் அகலத் திறந்திருக்கவில்லை. 2024 ஜனவரியில் கனடா, வெளிநாட்டு மாணவர்களுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. அதே மாதம் முதல், இங்கிலாந்தில் சாதாரண முதுகலை படிப்பவர்கள் மனைவி மக்களை அழைத்துப் போக முடியாமல் போயிற்று. 2025 மே, ஜூன் மாதங்களில் அமெரிக்கா சில வாரங்கள் மாணவர் விசா பேட்டிகளுக்குப் புதிதாக நேரம் ஒதுக்குவதையே நிறுத்திவைத்தது. மறுபடி தொடங்கியபோது, சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவேண்டும் என்று விதித்தது.

இதன் அர்த்தம் என்ன? "எப்படியாவது போய்விட்டால் போதும், அங்கே வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம்" என்ற கணக்கு இனி எளிதில் பலிக்காது. கடன் இங்கே வட்டியோடு வளரும். விசா அங்கே கிடைக்காமல் போகலாம். கூட்டத்தோடு கூட்டமாக நுழைபவருக்குக் கதவு குறுகியது. "இவர் எங்களுக்கு வேண்டும்" என்று ஒரு பேராசிரியரே கேட்கும் மாணவருக்கு வழி இன்னும் இருக்கிறது.

இரண்டு வருஷ வேலை

அமெரிக்காவில் ஆகஸ்டில் வகுப்பு தொடங்க வேண்டுமானால், முந்தின டிசம்பர் வாக்கில் மனு போக வேண்டும். ஆங்கிலத் தேர்வு அதற்கு முன்பே முடிய வேண்டும். மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் வாங்கவும், பாஸ்போர்ட் எடுக்கவும் மாதங்கள் ஆகலாம். மூன்று வருஷப் பட்டத்தைச் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. பி.எஸ்ஸி. முடித்தவர் இங்கேயே எம்.எஸ்ஸி. படித்துவிட்டு மனுப் போட வேண்டி வரலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மனுக் கட்டணம் கட்ட வசதியில்லை என்று எழுதிக் கேட்டால், தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்களும் உண்டு. கேட்க வெட்கப்படக் கூடாது.

எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு வருஷம். பதறாத காரியம் சிதறாது.

மனு திரும்பி வந்தால்? அப்போதும் நஷ்டம் இல்லை. அருவித் தண்ணீரை அளந்த நோட்டு கையில் இருக்கிறது. கற்ற வேலை எங்கும் போய்விடாது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் 2011-ம் ஆண்டிலிருந்து ஜோஹோ கம்ப்யூட்டர் கம்பெனி நடக்கிறது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். சீமைக்குப் போய்ப் படித்தவர் கிராமத்தைத் தேடி வந்தார். அந்தக் கம்பெனியோ, கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளையும் தானே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்கிறது. போவதும் ஒரு வழி, இருப்பதும் ஒரு வழி. இரண்டு இடத்திலும் கேட்கும் கேள்வி ஒன்றே: "உனக்கு என்ன செய்யத் தெரியும்?"

ஆகவே பெற்றோர்கள் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகும் முன், பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றைக் கேட்க வேண்டும். "நீ செய்த வேலையைக் காட்டு. அதைப் பார்த்த ஆசிரியர் யார்?"

பதில் இருந்தால், துணிந்து மனுப் போடலாம். இல்லை என்றால், இன்றே ஒரு நோட்டு வாங்கிக் கொடுக்கலாம். அதற்கு நகை எதையும் அடகு வைக்க வேண்டியதில்லை.